அண்ணாவுக்கு நான் பைரன்னர்

தண்ணீர் தெளித்த தேங்காய் நார்ப் பாயிலிருந்து வெயிலில் கிளம்பும் வாசனையை உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ தெரியாது. புல் தரைக்கு வழியில்லாத அந்நாளைய சென்னை கிளப்புகள் செம்மண்ணில் அந்தப் பாயை இழுத்து விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து, அதன்மேல்தான் கிரிக்கெட் ஆடின. "மேட்டிங்" என்பார்கள். சித்திரை மத்தியானத்தில் அதில் ஒரு குடம் தண்ணீர் விழுந்தால் கயிறும் மண்ணும் கலந்து புழுங்கிக்கொண்டு வரும். எனக்கு அந்த வாசனை என்றால் என் அண்ணா வாசு.

அண்ணாவுக்கு அப்போது பதினெட்டு வயது, எனக்குப் பத்து. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் அவனைத் துரத்திப் பிடித்தவர் யாருமில்லை. அப்படிப்பட்டவனுக்கு முந்தின வருஷம் வாத ஜுரம் வந்தது. போகும்போது இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. மெதுவாக நடக்கலாம், ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவன் வாசலைத் தாண்டினால் என்னையும் கூடவே அனுப்புவாள். "ஓடாம பாத்துக்கோடி. ஓடினா எங்கிட்ட வந்து சொல்லணும்" என்பாள். பாவாடை கட்டின பொடிப்பெண்ணை வளர்ந்த பிள்ளைக்குக் காவல் போடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு அன்று தெரியவில்லை, பெருமையாக நடப்பேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிய கோடை அது. "இவாகுவேஷன்" என்ற வார்த்தையைப் பால்காரர்கூடச் சொல்லப் பழகிவிட்டார். எழும்பூரில் ரயிலேற இடமில்லை, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு. அண்ணாவை டாக்டரை விட்டு எங்கும் கொண்டுபோக முடியாது என்பதால் நாங்கள் மட்டும் தங்கிவிட்டோம்.

எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, அண்ணாவின் கணக்கு வேறாக இருந்தது. ஆட்டக்காரர்கள் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள், ஏதாவது ஒரு கிளப்பில் ஆள் குறையும், தனக்கு ஒரே ஒரு தடவை பேட் பிடிக்கக் கிடைக்கும். "நின்ன எடத்துலேயே நின்னு அடிப்பேன்டி, ஓடமாட்டேன்" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அம்மாவிடம் லைப்ரரிக்கு என்று சொன்னான். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு லைப்ரரிக்கு யார் போவார்கள்? அம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

லஸ் பக்கத்து மைதானத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தரையில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. டிராம் பிடித்து ராயப்பேட்டை போனால், அங்கே பிட்ச் இருந்த இடத்திலேயே பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள், அதற்குள் இரண்டு ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. "கொஞ்சம் தள்ளி வெட்டப்படாதோ" என்றான் அண்ணா. சிரிக்கத்தான் பார்த்தான், ஆனால் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. "ஆத்துக்குப் போயிடலாம் அண்ணா" என்றேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துண்டு போயிடலாம்" என்றான்.

கோபாலபுரத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஒன்பது பேர், மறுபக்கம் எட்டுப் பேர். எட்டுப் பேர் கட்சியின் கேப்டன் ராயப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் பாய். அம்பயருக்கும் ஆளில்லாததால் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரே நின்றார்.

"இன்னா நைனா, ஆட்றியா? ஆள் பத்தல" என்றார். அண்ணா ஒளிக்காமல் தன் இருதயத்தைப் பற்றிச் சொன்னான். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "பைரன்னர் குடுக்கலாம்பா. ஆனா இங்க எவன் கீறான்? அவுட்டானவன்லாம் சோடா குடிக்கப் பூட்டானுங்க."

"இவ ஓடுவா" என்று அண்ணா என்னைக் காட்டினான். பாய் சிரித்துவிட்டார். "லீக் மேட்ச்சா இன்னா, ஓடட்டும்."

பைரன்னர் என்றால், முடியாதவனுக்காக ஓடுகிற ஆள். அடிப்பவன் அடித்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் அவனை அவுட்டாக்கிவிடலாம். பக்கவாட்டில் நிற்கும் நான் அவன் ரன்களை ஓடிச் சேர்க்க வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். முதலில் வந்த பந்துகளை அண்ணா தடுத்தான். ஒன்றை மெல்லத் தட்டினான், நான் ஓடி ஒரு ரன் எடுத்தேன், எல்லாரும் கை தட்டினார்கள். மறுபடி அவன் முறை வந்தபோது வந்து விழுந்த பந்தைத்தான் ஓங்கி அடித்தான். பேட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. பந்து பறந்தது. நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில், நார்ப் பாயின் மேல், அண்ணாவும் ஓடி வந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, நில்லு" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை. பழைய வாசுவாக, தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். போய் அந்தப் பக்கத்து ஸ்டம்ப்புக்கு அருகே முழங்காலிட்டு உட்கார்ந்தான். அவன் விட்டுவந்த பக்கத்தில் ஸ்டம்ப்பைத் தட்டிவிட்டார்கள். கேப்டன் மனசில்லாமல் விரலைத் தூக்கினார். "நீ இன்னாத்துக்கு நைனா ஓடினே? அதான் பாப்பா ஓடிக்கினு கீதே" என்றார்.

அண்ணா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "மறந்துபோச்சு."

அவன் முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணை அம்மா பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆவணி பிறப்பதற்குள் அண்ணா போய்விட்டான். ஓடியிருக்காவிட்டாலும் இதுதான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த அம்மா பின்னாலிருந்து கேட்டாள். "அன்னிக்கு வாசு ஓடினானோல்லியோ?" ஆமென்று தலையை ஆட்டினேன். "நன்னா ஓடினானா?" என்றாள்.

"என்னை ஜெயிச்சுட்டான்மா" என்றேன். அவள் கை என் தலைமுடியிலேயே நின்றுவிட்டது.

அந்த மைதானம் இப்போது இல்லை. மாடி வீடுகள் எழும்பி, கீழே கார்கள் நிற்கின்றன. நார்ப் பாயில் யாரும் ஆடுவதில்லை. அந்த கேப்டன் பாய் இல்லை, அம்மா இல்லை, அன்று கை தட்டியவர்களும் இருக்க மாட்டார்கள். வாசு ஓடியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.