உமித்தூளும் பித்தளை வில்லையும்

இசப்கோல் உமியைத் தண்ணீரில் கொட்டி ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். ஊறிப் பெருத்து, ஜலதோஷக்காரன் சிந்திப் போட்டது மாதிரி டம்ளருக்குள் நிற்கும். சாய்த்தால் தண்ணீரைப் போல ஓடாது. ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு வரும். மருந்துக் கடையில் நின்று நான் அதை நாளைக்கு ஏழெட்டுப் பேருக்கு விற்கிறேன். "வயித்துக்கு ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லித்தான் விற்கிறேன். சொல்லும்போதே என் தொண்டைக்குள் ஏதோ நழுவும்.

அருவருப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உழவர்கரையில் நாங்கள் குடியிருந்த வரிசையில் எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அதன் வாசலில் வாளியோடு நிற்பவர்கள் உள்ளே இருப்பவரோடு சத்தமாகப் பேசிக்கொண்டே நிற்பார்கள். யாருக்கு இளகலாகப் போகிறது, யாருக்கு இறுகலாகப் போகிறது என்பதெல்லாம் வரிசை முழுக்கத் தெரியும். நான் விடியும் முன் எழுந்து போய்விட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். படித்து முடித்தால் இந்த வாளி வரிசையிலிருந்து தப்பிவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன்.

பி.எஸ்சி. முடித்த பிறகும் எங்கள் வீட்டின் காலைச் செய்தி மாறவில்லை. அப்பாவுக்குப் போயிற்றா, இல்லையா?

அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர். இருபது வருடத்துக்கு மேல் அதே கூடம், அதே தறி. மூன்று நாளைக்கு ஒரு முறை, நான்கு நாளைக்கு ஒரு முறைதான் அவருக்குப் போகும். போகிற அன்று முக்கி முனகி, நெற்றி நரம்பு புடைக்க வெளியே வருவார். வேட்டியில் ரத்தம் இருக்கும். அம்மா அதைத் தனியாக அலசுவாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதையெல்லாம் பேசுவார்கள்.

"இன்னிக்கும் இல்லியா?"

"ஆட்டுப் புழுக்கையாட்டம் நாலு வுழுந்துது."

நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவேன். "தொரைக்கு ஆவல" என்பாள் அம்மா.

ஒரு நாள் கம்பெனி ஆள் ஒருவர் புதுச் சரக்கோடு கடைக்கு வந்தார். டப்பாவில் வெறும் உமித்தூள் மட்டும் இல்லை. அதோடு குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகளையும் காயவைத்துக் கலந்திருப்பதாகச் சொன்னார். உள்ளே மடித்திருந்த ஆங்கிலத் துண்டுத்தாளை நான் மத்தியானம் முழுக்க அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம். சில நல்லவை. உமி அவற்றுக்குத் தீனியாம். படிக்கப் படிக்க என் வயிற்றுக்குள்ளேயே ஏதோ ஊர்வது போல இருந்தது. இருந்தாலும் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது, நானும் நம்பினேன். ஒரு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"கிருமிய வாங்கியாந்து உள்ள வுடுறதா? உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் அம்மா.

"நல்ல கிருமிம்மா. தயிர்ல இருக்குமே, அது மாதிரி."

"அப்ப தயிர ஊத்திட்டுப் போறேன்."

"ஏய், படிச்சவன் சொல்றான், சும்மா இரு" என்றார் அப்பா.

ஒரு கரண்டித் தூளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், கலக்கியவுடனே குடித்துவிட வேண்டும் என்று சொன்னேன். அப்பா கலக்கினார். குடிக்காமல் அம்மாவிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். பிறகு தூக்கி வாயில் சாய்த்தார். கட்டி நழுவி வந்தது. பாதி உள்ளே போயிற்று, பாதி மீசையிலிருந்து நூலாகத் தொங்கியது. அதைப் புறங்கையால் வழித்து மறுபடியும் வாய்க்குள் போட்டுக்கொண்டார். நான் வாசலுக்கு ஓடிக் குமட்டினேன்.

திரும்பி வந்தபோது அப்பா டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"உனுக்குப் பாக்க முடியலன்னா வுடுடா. நான் மில்லுக்கு எடுத்துனு போயி போட்டுக்கறேன்" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. கண் முன்னால் நடக்காத வரைக்கும் எனக்குச் சரி.

ஒரு வாரம் கழித்து அம்மாவைத்தான் கேட்டேன். அப்பாவிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அதே கததான்" என்றாள். தேவைப்பட்டால் அளவைக் கூட்டலாம் என்று துண்டுத்தாளில் இருந்தது. கூட்டச் சொன்னேன். காலையில் இரண்டு கரண்டி. அதற்கும் மசியவில்லை என்றதும் மத்தியானமும் இரண்டு. டப்பா தீர்ந்ததும் இன்னொன்று கொண்டுவந்து, அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு எடுத்துப் போகிற பையில் நானே வைத்தேன். தண்ணீரைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை.

இரண்டாவது டப்பா பாதியில் இருக்கும்போது, ஒரு காலை பத்து மணிக்கு, பக்கத்துத் தறிக்காரர் அப்பாவை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். கடைக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது அப்பாவின் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. தொட்டாலே அலறினார். வாந்தி எடுத்திருந்தார். அந்த வாந்தியில் மல வாடை. அது எப்படி மேலே வரும் என்று நினைத்துக்கொண்டே மூக்கைப் பொத்தினேன். பொத்தியதை அப்பா பார்த்தார்.

வயதான டாக்டர் ஒருவர் வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்தவர், எல்லோரையும் முசியே என்பார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"குடல் அடச்சிருக்கு, முசியே. மொத்தமும் கீழதான் நிக்குது. எனிமா குடுத்துப் பாப்போம், கைய வுட்டு எடுத்துப் பாப்போம். சாயங்காலத்துக்குள்ள வரலன்னா வயித்தத் தெறக்கணும். இந்த ஒடம்புக்கு அது நல்லதில்ல. இன்னா சாப்ட்டாரு?"

சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தண்ணி எவ்ளோ குடிச்சாரு?"

"ரெண்டு டம்ளர், டாக்டர்."

பக்கத்துத் தறிக்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கிற இடமில்லை என்று புரிந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு, மாமாவா? தறிகிட்ட தண்ணியா? தம்பி, அவரு மூக்குப்பொடி போடறாப்பல அப்பிடியே வாயில தட்டிக்குவாரு. ஒரு மொடக்கு டீ. அவ்ளோதான்."

"ஏன் தண்ணி குடிக்கல?" என்று அப்பாவைக் கேட்டேன், கோபமாகவே. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதிலைப் பக்கத்துத் தறிக்காரர்தான் சொன்னார்.

நாற்பது தறிக்கு ஒரே ஒரு பித்தளை வில்லையாம். மேஸ்திரியின் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குமாம். கக்கூஸுக்குப் போகிறவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், கக்கூஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்குக் காட்ட வேண்டும். அவன் திரும்பி வந்து ஆணியில் மாட்டும்வரை வேறு யாரும் போக முடியாது. ஒரே ஷிப்டில் இரண்டாம் தடவை கேட்டால் தறிச் சத்தத்தையும் மீறி மேஸ்திரி கத்துவாராம்: "யோவ், மாசமா இருக்கியா?" நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

"அதனால நாங்க யாரும் வூட்ட வுட்டா சங்கு ஊதற வரைக்கும் தண்ணி தொடறதில்ல தம்பி. பான இருக்குது. மேல கரப்பான் செத்து மெதக்கும். இதுல மாமா கில்லாடி. இத்தினி வருசத்துல வில்லையத் தொட்டதே கெடையாது. மேஸ்திரியே எல்லாருக்கும் அவரத்தான் காட்டுவாரு."

அப்பாவின் மலச்சிக்கல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் என்று நான் சொன்னபோது தலையாட்டியது படித்த மகனின் மனம் கோணக் கூடாது என்பதற்காக. காய்ந்த குடலுக்குள் காய்ந்த உமியை, நாளைக்கு நான்கு கரண்டி, அவரே போட்டு அடைத்துக்கொண்டிருக்கிறார். அளந்து கொடுத்தவன் நான்.

இரண்டு தடவை எனிமா கொடுத்தார்கள். பழுப்பாகத் தண்ணீர் மட்டும் வந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, "பாத்திரத்தைப் புடிக்க ஆளு வேணும்" என்றார்.

"அவன் வேணாங்க. அவன வெளிய அனுப்புங்க. அவனுக்கு ஆவாது" என்றார் அப்பா. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னார்.

நான் பாத்திரத்தைப் பிடித்தேன். ஏதோ பெரிய மனது வந்து பிடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே வேறு ஆள் இல்லை. டாக்டரின் விரல் உள்ளே போய் வளைந்து வந்தது. முதல் கட்டி பாத்திரத்தில் டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது, சாந்து காய்ந்தது போல. ஒன்று விழுந்து உடைந்தபோது உள்ளே வெளிறிய செதில் செதிலாக உமி. என் உமி. நாற்றம் கண்ணில் எரிந்தது. அப்பா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார். அரை மணிக்கும் மேல் ஆயிற்று. கடைசியில் பின்னால் தேங்கியிருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி என் கையிலும் சட்டையிலும் கொட்டியது. டாக்டர், "வந்துடுச்சு முசியே, வந்துடுச்சு" என்று சிரித்தார். நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மூலையில் போய் வாந்தி எடுத்தேன்.

நான்காம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடிக்காமல் மறுபடியும் இப்படி வந்தால் வயிற்றைத் திறப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஒரு முழுத்தாளை எடுத்து மில் மேனேஜருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதி, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் பேண்டது, பேளாதது எல்லாத்தையும் மேனேஜருக்கு லெட்டரா எழுதறியா?" என்றார். "கிழிடா அத."

கிழித்தேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். போவதற்கு முன்னால் நான் கலக்கிக் கொடுத்தேன். ஒரே கரண்டி, இரண்டு டம்ளர், கட்டியாவதற்குள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். குமட்டியது. உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது அப்பா பையில் கைவிட்டு எதையோ எடுத்து என் முன்னால் போட்டார். உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை வில்லை. கூடத்தின் எண் தேய்ந்து பாதிதான் தெரிந்தது. விளிம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும். எத்தனை பேர் எந்தக் கையோடு பிடித்ததோ. நான் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, பழக்கம் போல, சோப்பைத் தேடிப் போனேன்.

"வில்லைய வாங்கினியாப்பா?"

"மூணு தபா. மூணாவது தபா கத்தினான். 'ஆமாய்யா, மாசந்தான், பேரு வைக்க வா'ன்னேன். கூடமே சிரிச்சிடுச்சி. அவன் கத்தின கோவத்துல ஆணியில மாட்டாம வந்துட்டேன்."

"அய்யோ, ரெண்டாவது ஷிப்டுக்கு வில்லை இல்லியே!" என்றாள் அம்மா.

"வில்ல இல்லன்னா யாருகிட்ட கேக்கறது? எல்லாரும் போவட்டும்" என்றார் அப்பா.

போயிருக்கிறார்கள். மறுநாள் சாயங்காலம் பக்கத்துத் தறிக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆணியில் வில்லை இல்லை, தொலைந்துவிட்டது என்றதும் காவலாளியும் விட்டுவிட்டானாம். யார் போகிறார்கள், எத்தனை தடவை போகிறார்கள் என்று மேஸ்திரியால் கணக்கு வைக்க முடியவில்லை. பானைத் தண்ணீர்கூடக் காலியாம். ஆனால் அன்று மத்தியானத்துக்குள்ளேயே அதே எண் பொறித்த புது வில்லை ஆணியில் வந்துவிட்டது.

எனக்கு உண்மையாகவே குமட்டியது அதைக் கேட்டபோதுதான். இருபது வருடமாகக் கரப்பான் மிதந்த பானைக்கு ஒரு மூடி போட முடியாதவர்கள், ஒரு வில்லையை அரை நாளில் வார்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பழைய வில்லையை அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை; மேஸ்திரி கேட்டதற்கு, ஆணியில்தான் மாட்டினேன் என்று சொல்லிவிட்டார். கக்கூஸ் வாசல் காவலாளிக்கு ஏதாவது ஒரு பித்தளை கண்ணில் பட்டால் போதும். அதனால் அப்பா இப்போது யாரையும் கேட்பதில்லை. தறியை நிறுத்திவிட்டு எழுந்து போகிறார். மற்றவர்களும் அவரிடம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள்.

காலையில் நான் கலக்கிய தூளை அவர் குடிக்கிறார். நூல் தொங்குகிறது. துடைத்துக்கொள்கிறார். தட்டில் கைவைத்தபடியே நான் கேட்கிறேன்.

"போச்சாப்பா?"

"நல்லா போச்சுடா" என்கிறார், வரிசை முழுக்கக் கேட்கும்படி.