மூன்று விமானங்கள்

அவனுக்கு அயல்நாட்டு நகரம் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், எந்த மூலையில் இருந்தாலும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவான். கதவிடுக்கில் வாயை வைத்து, வந்துவிட்டேன், பயப்பட வேண்டாம் என்று கத்துவான்.

சொந்த வீட்டுக்கு மட்டும் அவனால் வர முடியாது.

"மூணு பிளேன் மாறணும்க்கா. ரெண்டு நாள் ஆயிடும்" என்பான் போனில். முதன்முதலில் கிளம்பிப் போனபோது அது நிஜம்தான். பிறகு நேரடி விமானம் விட்டார்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டரை மணி நேரம். அதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. அக்கா புதுவீடு குடிபோனபோதும், அவள் மகள் கல்யாணத்தின்போதும் அந்த மூன்று விமானங்கள்தான் அவனுக்குக் கைகொடுத்தன.

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அதையே சொன்னான். லீவு கிடைக்காமல் இல்லை. மூக்கில் குழாய் செருகிய முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே அம்மா போய்விட்டாள்.

மறுவருஷம் அக்கா அவனைப் பார்க்க வந்தாள். டிக்கெட் எடுத்தது அவள் மருமகன். எந்த விமானம் என்று கேட்டான்; நேரடி விமானம் என்றதும் பேச்சை மாற்றிவிட்டான். விமான நிலையத்தில் வாரிய தலைகூடக் கலையாமல் வெளியே வந்தாள்.

"ஒரே பிளேன்டா! சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டேன், இறங்கச் சொல்லிட்டாங்க."

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அறைக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தான். அவள் ஆற்றிக் குடித்தபடி கேட்டாள்:

"இந்தப் பிளேன் எப்பலேருந்துடா விடறாங்க?"

இப்போதுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"நாலு வருஷமா."

"பக்கத்து சீட்டு அம்மாவும் அதான் சொன்னாங்க. நீ மாத்திச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டே வந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மா கடைசியா உன்னைத்தான் கேட்டாங்க. தம்பி துடிச்சுக்கிட்டிருக்கான், தூரம்தான் விடமாட்டேங்குதுன்னேன். பாவம், பிள்ளையை அலைக்கழிக்காதேன்னாங்க."

அவன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எழுந்துபோய், "வெங்காயம் எங்க வெச்சிருக்கே?" என்றாள். நறுக்கும்போது மெல்லச் சொன்னாள்: "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க அத்தான்கிட்டகூட." அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவள் திரும்பும்போது அவனும் லீவு போட்டுவிட்டு அதே விமானத்தில் ஏறினான். எதிரே சின்னத் திரையில் குட்டி விமானம் ஒன்று வரைபடத்தின்மேல் ஊர்ந்தது. மிச்ச தூரம் மளமளவென்று குறைந்தது.

"இதை அணைக்க முடியாதாக்கா?"

வரும்போதே பழகியிருந்த அக்கா, கையை நீட்டி அணைத்தாள்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அம்மா விசாரிக்க வந்தார்.

"பாவம்ப்பா நீ. அவ்வளவு தொலைவுல இருந்துட்டு, பெத்தவ முகத்தைக்கூடப் பார்க்க முடியாமப் போச்சே."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"தொலைவு ஒண்ணும் இல்லைங்க. எட்டரை மணி நேரம்தான். வந்திருக்கலாம். நான்தான் வரல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, முகத்தைப் பார்க்காமலே, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ" என்றார்.