டெட்ராய்ட்டுக்காரன் கொடுத்த மூலைத்துண்டு

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் வான்டா ஸ்குடாஸ் ஓட்டும் பஸ்ஸில் ஏறிவிட்டுப் பீட்சாவைப் பற்றிப் பேசக்கூடாது. பேசினால் தொலைந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், "இந்த ஊர்ல கிண்ணம் மாதிரி ஆழமா, சீஸ் வழிய வழிய ஒரு பீட்சா இருக்காமே?" என்று கேட்டுவிட்டால், சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்தி அவள் திரும்பிப் பார்ப்பாள்.

"அது உங்கள மாதிரி ஊர் பாக்க வர்றவங்களுக்குச் சுடுறதுங்க. நாங்க திங்கிறது முறுமுறுன்னு மெல்லிசா, சதுரம் சதுரமா வெட்டினது. ஒரு கையில பீட்சா, ஒரு கையில பீரு. எறங்குங்க, உங்க ஸ்டாப் வந்துருச்சு."

வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரம் இருந்ததில்லை என்பாள். அவள் வாய்க்குப் பயந்து எவனும் கேட்கவில்லை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இந்தப் பக்கத்து ஆட்கள் எதைத்தான் பேசாமல் விட்டார்கள்!

அந்த வாய்க்கு ஈடு கொடுக்க ஒருவன் வந்தான். லின்வுட் ரெயின்ஸ், டெட்ராய்ட்டுக்காரன். கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவன், மனைவியை இழந்தவன். பஸ் பணிமனையில் ஒரு வருட ஒப்பந்தத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இருவரும் கூரனின் மதுக்கடையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்து மேசைகள் நிறையும்.

"சீஸக் கீழ போட்டு சாஸ மேல ஊத்துறீங்களே, சட்டைக்கு மேல பனியன் போடுற ஊராய்யா உங்க ஊரு?"

"உங்க ஊருப் பீட்சாவக் கடிச்சா காதுக்குச் சத்தம் வருது மகராசி. வயித்துக்குத்தான் ஒண்ணும் போய்ச் சேரல."

நியூயார்க்கைத் திட்டும்போது மட்டும் இருவரும் ஒரே கட்சி. "மடிச்சுத் திங்கிறானுங்க, எண்ணெய் முழங்கை வரைக்கும் ஓடுது" என்பாள் இவள். "செயின்ட் லூயிஸ்காரன் சீஸ் இன்னும் மோசம், பல்லப் புடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் கூடவே வரும்" என்பான் அவன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

வட்டப் பீட்சாவைச் சதுரமாக வெட்டினால் ஓரத்தில் குட்டி முக்கோணங்கள் மிஞ்சும். வான்டா வளர்ந்த வீட்டில் அவை பிள்ளைகளுக்கு. நடுவில் மெத்தென்று சாசேஜ் கறி நிறைந்திருக்கும் துண்டு விருந்தாளிக்கு. அதனால் ஒவ்வொரு வாரமும் நடுத்துண்டை எடுத்து லின்வுட் தட்டில்தான் வைப்பாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் தின்பான்.

ஒப்பந்தம் முடிந்தது. இன்னொரு வருடம் இருக்கிறாயா என்று பணிமனையில் கேட்டிருந்தார்கள். திங்களன்று பதில் சொல்ல வேண்டும். அவன் போய்விட்டால் வெள்ளிக்கிழமைகளை என்ன செய்வது என்று வான்டாவுக்குத் தெரியவில்லை. பஸ் நிறைய ஆட்களை வாயடைத்தவளுக்கு, 'போகாதே' என்று சொல்ல மட்டும் நா எழவில்லை. வாரம் முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்தாள்.

அந்தக் கடைசி வெள்ளியன்று லின்வுட், ஊரிலிருந்து கொண்டுவந்த கறுத்த நீள்சதுர இரும்புத் தட்டோடு கூரனின் அடுப்படிக்குள் நுழைந்தான். வெளியே வந்தபோது தட்டில் ஊதிய மாவு, விளிம்பெல்லாம் கருகிப் பொரிந்த சீஸ், மேலே சிவப்பாக இரண்டு கோடு சாஸ். கத்தியால் ஒரு மூலையை வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து அவள் தட்டில் வைத்தான்.

வான்டாவுக்குச் சுருக்கென்றது.

"கருகின மூலைதான் எனக்கா? இத்தன நாளு கூட உக்காந்து தின்னதுக்கு இதுதான் மரியாதையா?"

லின்வுட் முகம் சுண்டிப்போனது. "மரியாதையப் பத்தி நீ பேசாத. ஒரு வருஷமா யாருக்கும் வேண்டாத நடுத்துண்டையே என் தட்டுல தள்ளுன. நான் ஒரு வார்த்த கேட்டனா?"

"யோவ், நடுத்துண்டு விருந்தாளிக்குய்யா! எங்க வீட்டுல அதுக்கு அடிதடியே நடக்கும்!"

"எங்க வீட்டுல மூலைக்குத்தான் அடிதடி! நடுவுல இருக்கிறது லேட்டா வர்றவனுக்கு!"

கல்லாவுக்குப் பின்னாலிருந்து கூரன் சிரிக்க ஆரம்பித்தான். "அடப்பாவிங்களா! மாத்தி மாத்தி மரியாதை செஞ்சுதானா அவமானப்படுத்திக்கிட்டீங்க?"

வான்டா சிரிக்கவில்லை. வாரா வாரம் முகம் சுளிக்காமல் அந்த நடுத்துண்டை அவன் தின்றதை நினைத்தாள். அவமானம் என்று நினைத்துக்கொண்டே தின்றிருக்கிறான், அடுத்த வெள்ளியும் வந்திருக்கிறான்.

மூலையைக் கடித்தாள். வெளியே நொறுங்கியது, உள்ளே பஞ்சாக இறங்கியது. ஒரு வருடமாக இதைத் திட்டிய தன் வாயை என்ன செய்வது? மென்று விழுங்கிவிட்டு, அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"போகாத லின்வுட். இங்கயே இரு."

"இருக்கேன்னு நான்தான் அப்பவே சொல்லிட்டனே."

"எப்பச் சொன்ன?"

"எங்க ஊர்ல ஒருத்தன் தன்னோட மூலைய எடுத்து இன்னொருத்தர் தட்டுல வச்சான்னா, அப்புறம் வாயால வேற சொல்லணுமா?"

வான்டா அழுதுவிட்டாள், கடை முழுக்கப் பார்க்க. கூரன் துடைத்துக்கொள்ளத் துண்டு நீட்டினான். அதை வாங்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் தட்டை லின்வுட் பக்கம் தள்ளினாள்.

"அப்ப இன்னொரு மூலை வை."

லின்வுட் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பெருமூச்சு விட்டுக் கத்தியை எடுத்தான்.