ஆறாவது பந்து

மாமா பெரிய மனசுக்காரர் என்று கடப்பாக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை. பொங்கலுக்கு அம்மாவின் ஊரான கடப்பாக்கத்துக்குப் போயிருந்தோம். அங்கே டென்னிஸ் பந்து டோர்னமென்ட். அப்பா வெளியூர்க்காரர், ஓரவஞ்சனை இருக்காது என்று அவரையே அம்பயராக நிறுத்தினார்கள். பந்து போடுகிறவர் அவருடைய மச்சான், என் தாய்மாமன். அதை யாரும் யோசிக்கவில்லை.

கடைசி ஓவரை மாமா போட்டார். ஐந்து பந்தில் ஐந்து விக்கெட். மேட்சை ஜெயித்தாயிற்று. ஆனாலும் ஒருத்தரும் நகரவில்லை. ஆறு பந்தில் ஆறு விக்கெட், அந்தக் கடலோர ஊர்களில் எவனும் எடுத்ததில்லை. எடுத்தால் கிளப் சுவரில் பெயர் எழுதுவார்கள்.

ஆறாவது பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது. சத்தம் எனக்கே கேட்டது. ஆடியவன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டான். அப்பா தலையை ஆட்டினார். அவுட் இல்லையாம்.

நடந்தவன்கூட நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

மேட்ச் முடிந்ததும் அவனே மைக் மேசைக்கு வந்தான். எதிர் டீமான நெம்மேலி ஊர்ப் பையன். "அண்ணாத்த, பேட்ல பட்டுச்சு. அவுட்டுன்னே எழுதிக்கோங்க" என்றான்.

அப்பா தாடையை இறுக்கிக்கொண்டு, கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். கமிட்டித் தலைவர் மாமாவைப் பார்த்தார். "நீ கேட்டா மாத்திடலாம். இன்னாபா சொல்ற?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ணா. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். வுட்டுடுங்க."

அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். ஊரே கைதட்டியது. மைக்கில் ஒருத்தர் பெருந்தன்மை, பெருந்தன்மை என்று கத்தினார். எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. அவுட்டுதான் என்று நான் கத்த வாயைத் திறந்தேன். மாமா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். கையைக் கடித்தேன். அப்போதும் எடுக்கவில்லை. விட்ட பிறகு, பயந்தாங்கொள்ளி என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

சாயங்காலம் பஸ் ஏறினோம். மாமா ஜன்னலோரம் வந்து நின்றார். "மாமா, கோவம் இருந்தா என்னாண்ட காட்டுங்க. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பே செய்யாதவர் இப்படிக் கெஞ்சுகிறாரே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. டாட்டாகூடக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் போய் டிவி பார்க்கச் சொன்னாள். அப்பா கோபமாக இருக்கும் நாளிலெல்லாம் அப்படித்தான் அனுப்புவாள். எனக்குப் படு குஷி. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பின்னால் அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.