பதிமூணு பேர்தான் இருக்கீங்க

கர்த்தருக்குள் அன்பானவர்களே, கீழ்க்கட்டளையிலிருந்து உங்கள் சகோதரி ஒருத்தி எழுதுகிறேன். கடந்த நவம்பர் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, நான் விதவையாகிவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு வந்த உடனே போய்விடவில்லை. வெளிச்சம் குறையக் குறைய எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அன்று கர்த்தர் செய்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். என் கணவர் ஞானராஜ் தாம்பரத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் மேனேஜர். பல வருடங்களாகச் சர்க்கரை. தினமும் காலையில் இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். அதற்கு மேலே போனால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் சபையார் வருடத்துக்கு ஒருமுறை அந்த மலைக்குப் போவோம். அங்கே ஒரு சின்ன ஆலயம் உண்டு. அதை ஒட்டியே அரசுப் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் பின்னால் சரிவு. அதற்கும் பின்னால் பள்ளம். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வேன் போய் நின்றது. ஒல்லியாக ஓர் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். தலை முழுக்க நரை, காலில் ரப்பர் செருப்பு. தோத்திரம் சொல்லவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்றார்.

"டிரைவரோட சேத்து பதினாலு" என்றார் எங்கள் பாஸ்டர்.

அவர் நம்பவில்லை போல. உதட்டை அசைத்து ஒவ்வொருவராக எண்ணினார். பிறகுதான் சிரித்தார். அவர்தான் மரகதம் டீச்சர். வேலை கிடைத்து இளம் வயதில் அந்த மலைக்கு வந்தவர், மாற்றல் கேட்காமலேயே அங்கே இருந்துவிட்டார். அந்த ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவர். நாங்கள் முந்தைய வருடங்களில் போனபோதெல்லாம் பள்ளி விடுமுறை. அதனால் அவரை அன்றுதான் பார்த்தோம்.

இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் அவரைச் சீண்டினார். "டீச்சர், எங்களையும் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டீங்களே!"

"இங்க எண்ணாம இருக்க முடியாது சார்" என்று அவர் சொன்னார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நாலா பக்கமும் சரிவுகளில் இருக்கும் குடிசைகளிலிருந்து வருகிறவர்கள். மழைக்காலத்தில் பள்ளி விடும் நேரத்துக்கே மூடுபனி இறங்கிவிடும். அதனால் வீடு போய்ச் சேர்ந்த பிள்ளை அங்கிருந்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். டீச்சர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஒரு அடி அடிப்பார். கேட்டுவிட்டது என்று அர்த்தம். கடைசிப் பிள்ளையின் குரல் வரும்வரை அவர் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதில்லை.

"குரல் வரலைன்னா?" என்று என் கணவர் கேட்டார்.

டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வருசம் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுனாங்க. அன்னிக்கு ஒரு புள்ள வழி தவறிக் கூப்பிட்டிருக்கு. ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்கு. அந்தப் பாட்டுச் சத்தத்துல எங்க யாருக்கும் கேக்கல."

எழுந்து போகும்போது பாஸ்டரிடம், "நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல மட்டும் மைக்கை நிறுத்திக்கிறீங்களா?" என்றார். பாஸ்டர் சரி என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் உபவாச ஜெபம். என் கணவர் உபவாசம் இருக்கக் கூடாது. ஆனாலும் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு, "மத்தியானம் ஜெபம் முடிஞ்சதும் உங்களோடயே சாப்பிட்டுக்கிறேன்" என்றார். ஜெபம் முடியவில்லை. ஆவியானவர் அசைவாடுகிறார், நிறுத்த வேண்டாம் என்று எல்லாரும் எழுந்து நின்றோம். எங்கள் ஜெபத்தை நீங்கள் அறிவீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு, கைதட்டி, கண்ணை மூடி. அதற்கு மேலே மைக். விக்டோரியா அக்கா ஜெபித்தால் பல்லாவரம் வரை கேட்கும் என்று எங்கள் சபையில் கேலி பேசுவார்கள். பள்ளிக்கூடம் விட்டது எங்களுக்குத் தெரியாது. பனி இறங்கியதும் தெரியாது.

நான் ஏதோ குளிர் தட்டிக் கண் திறந்தேன். ஆலயத்தின் கதவு வழியாக வெள்ளையாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த பள்ளிக்கூடம் இல்லை. மரம் இல்லை. வாசற்படியில் மரகதம் டீச்சர் நின்றார். மைக்கை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. எங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்கள ஆள் விட்டு வீடு சேத்துட்டேன். இங்க வேன்ல தூங்குற டிரைவரையும் சேத்துட்டேன்" என்றார். "பதிமூணு பேர்தான் இருக்கீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் என் கணவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய பைபிள் மட்டும் இருந்தது. கண்ணாடி அதன்மேல் இருந்தது.

டிரைவர் பாபுவை எழுப்பினார்கள். பெரும்பாக்கத்துக்காரர். பதறிப்போனார். "சாரு அப்பவே போனாரே மேடம்! போன்ல சிக்னல் தேடிகினு அந்தப் பாறைப் பக்கம் போனாரு. கடைக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துர்றேன்னாரு. கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு. இன்னும் வர்லியா?"

அந்தப் பாறை சரிவின் விளிம்பில் இருக்கிறது. வெறும் வயிறு. உள்ளே ஊசி. கண்ணாடி இங்கே.

எங்கள் சபையார் செய்தது இதுதான். எல்லாருமாக வெளியே ஓடினோம். எல்லாருமாகக் கத்தினோம். "சார்!" "அண்ணா!" "பிரதர்!" பாஸ்டர் மைக்கை எடுத்து அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினார். விக்டோரியா அக்கா முழங்காலிட்டு, "ஆண்டவரே, இறங்கும்!" என்று அலறினார். நான் "என்னங்க! என்னங்க!" என்று கூவினேன். எங்கள் சத்தமே பனியில் மோதி எங்களிடம் திரும்பி வந்தது. ஒரு நாய் மட்டும் பள்ளத்தைப் பார்த்து ஊளையிட்டது.

டீச்சர் நேராக உள்ளே போய் மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

"எல்லாரும் சும்மா இருங்க" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னார். "இப்பிடிக் கத்துனா அவர் கூப்பிட்டா எப்பிடிக் கேக்கும்?"

"ஜெபம் பண்றோம் டீச்சர்" என்றார் அக்கா அழுதுகொண்டே.

"பண்ணுங்கம்மா. வாயை மூடிப் பண்ணுங்க. நானும் தெனமும் இந்த வாசல்ல அதத்தான் பண்றேன்."

எங்களைப் பள்ளிக்கூட வாசலுக்கு அழைத்துப் போய், அவர் தண்டவாளத்தில் ஒரே ஒரு அடி அடித்தார். அந்தச் சத்தம் போய் அடங்கும்வரை காத்திருந்தார். ஒன்றும் இல்லை. பனித்துளி ஓட்டிலிருந்து சொட்டுவது கேட்டது. விக்டோரியா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதியில் நான் ஜெபித்ததில்லை. வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, அவர்" என்பதோடு நின்றுவிட்டது. மீதியை ஆண்டவரே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் என் தோளைத் தொட்டார். "நீங்க கூப்பிடுங்க. உங்க குரல்தான் அவருக்குப் பழக்கம். ஒரு தடவ கூப்பிட்டுட்டுக் காத்திருக்கணும்."

"என்னங்க!" என்றேன்.

"அதுக்கு எந்த ஆம்பளம்மா திரும்புவான்? பேரச் சொல்லுங்க."

திருமணமான நாளிலிருந்து நான் என் கணவரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படி வளரவில்லை. இந்தச் சாட்சியை எழுதும்போதுகூட மேலே ஒரே இடத்தில்தான் எழுதினேன். அங்கே, சபையார் எல்லார் முன்னாலும், இருட்டத் தொடங்கிய அந்த வெள்ளைக்குள் நான் கூப்பிட்டேன்.

"ஞானராஜ்!"

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திருக்கணும் என்று அந்தப் பிடியில் சொன்னார். நாய்கூட நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி காத்திருந்தோம். மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் தொண்டை கிழிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று மண்ணில் உட்கார்ந்தேன்.

அப்போது கேட்டது. மிக மெல்ல, கீழேயிருந்து. குரல் அல்ல. இரும்பு கல்லில் படும் ஒரு "ணங்."

யாரோ "அல்லேலூயா" என்று வாயெடுத்தார்கள். டீச்சர் கையை உயர்த்தி அடக்கினார். தண்டவாளத்தில் ஒரு அடி. கீழேயிருந்து இன்னொரு "ணங்."

"வலப்பக்கம்" என்றார் டீச்சர். "மேலே ஏறக் கூடாது, அங்கயே உக்காருங்கன்னு சொல்லிட்டே இருங்க." அதற்குள் ஊர் ஆட்கள் கயிறும் விளக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். டிரைவர் பாபுவும் அவர்களோடு இறங்கினார். என் கணவரை மேலே தூக்கி வந்தபோது உடம்பெல்லாம் நனைந்து சில்லிட்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், அடிப்பாகம் நசுங்கியிருந்தது. விழிப்போடுதான் இருந்தார். டீச்சர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். கீழே என் கணவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடுத்து ஒரு செடி மட்டும்தான் இருந்ததாம். அதற்கப்புறம் தரை இல்லை என்று பாபு பிறகு சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் அவர் தெளிவாகப் பேசினார். "பனியில வழி தெரியல. கால் சறுக்கிடுச்சு. கத்திப் பாத்தேன். உங்க மைக் சத்தம்தான் கேட்டுச்சு. எனக்காகத்தான் ஜெபிக்கிறீங்கன்னு புரிஞ்சுது, ஆனா நான் கத்துறது உங்களுக்கு எட்டாதேன்னு விட்டுட்டேன். தூக்கம் தூக்கமா வந்துச்சு. மணி அடிச்சது கனவு மாதிரி இருந்துச்சு. அப்புறம் என் பேரு. பொம்பளக் குரல்ல. யாருடா இது, இவ்வளவு தைரியமா நம்ம பேரச் சொல்றதுன்னு கண்ணத் தொறந்து பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். டீச்சர் சொன்ன வழக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்து பாட்டிலால் கல்லில் அடித்தாராம்.

இது ஒரு டீச்சரின் புத்திசாலித்தனம், ஜெபத்துக்கு இதில் என்ன என்று என் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நான் வாதாடவில்லை. அந்த மலையில் வருடக்கணக்காக ஒருத்தியை வாசலில் நிறுத்தி எண்ண வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தவரை எந்தச் சத்தம் எழுப்பும் என்று அறிந்தவர் யார் என்றும் தெரியும்.

எங்கள் சபையில் ஒன்று மாறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் இன்னும் கைதட்டிப் பாடுகிறோம். ஆனால் நடுவில் மைக்கை நிறுத்திவிட்டு எல்லாரும் வாய் மூடி உட்காருகிறோம். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியவர் விக்டோரியா அக்காதான். தொடங்கும் முன் அவர் நாற்காலிகளை எண்ணுகிறார். யாராவது வராவிட்டால் அன்றைக்கே போய்ப் பார்க்கிறோம்.

வீட்டிலும் ஒன்று. என் கணவர் தாம்பரத்திலிருந்து திரும்பி, கேட்டைத் திறக்கும் முன் தெருவில் நின்று, "வந்துட்டேன்!" என்று குரல் கொடுக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். நான் சமையலறையிலிருந்து கரண்டியால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்போது அப்படி ஒரு பனிக்குள் நிற்கலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கூப்பிடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு, தயவுசெய்து, கொஞ்சம் சும்மா இருங்கள். பதில் குரலாகவே வரும் என்றில்லை.