முட்டுக்கட்டைக் கலியன்

சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டிய கிராமம் அது. பெருமாள் கோயில் சின்னதுதான், தேர் பெரிது. கலியனின் அப்பா காலம் முதல் அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற உரிமை அவர்கள் வீட்டுக்கு. மற்ற நாளில் பட்டு நெய்கிறவன், தேரன்று துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக ஓடுவான். அவன் கட்டையைச் சாய்த்துப் போட்டால் தேர் பசுமாடு மாதிரித் திரும்பும் என்பார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் தேருக்கு முந்தின நாள் நல்ல மழை. கீழ வீதித் திருப்பத்தில் கட்டை போடக் குனிந்தவனுக்குச் சேற்றில் கால் வழுக்கியது. அதே சமயம் "கோவிந்தா!" என்று வடம் பிடித்தவர்கள் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்கள். அவன் அலறியது யார் காதிலும் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் மனைவி பொன்னியம்மாளிடம் கேட்டான்: "தேர் நெலைக்கு வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சு. ஒன் ரத்தம் பட்டுடுச்சுன்னு சக்கரத்துக்குத் தீட்டு கழிச்சிட்டு இழுத்தாங்க."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தறிக்குழியில் மிதிக்க இரண்டு கால் வேண்டும். பொன்னியம்மாள் குழியில் இறங்கினாள். கலியன் அவளுக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தான். தர்மகர்த்தா குப்புசாமி ஒருநாள் பிரசாதத்தோடு வந்தார்.

"எல்லாம் பெருமாள் சித்தம் கலியா. உசுரைக் குடுத்தாரே, அதை நெனச்சுக்கோ."

"காலை எடுத்தவரும் அவருதானேங்க?" என்றாள் பொன்னியம்மாள், தறியிலிருந்து தலை தூக்காமல். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் முட்டுக்கட்டை வேறொருவன் கைக்குப் போனது. கலியனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகள் ரேணுகாம்பாளுக்கு வந்த வரனும் தட்டிப்போயிற்று. 'பெருமாளே காவு வாங்கின வீடு' என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்ட அன்று பொன்னியம்மாள் பெருமாள் படத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டாள். கலியன் ஊன்றுகோலோடு தடுமாறி எழுந்துபோய் அதை எடுத்துத் துடைத்தான்.

"இன்னும் இன்னாத்துக்குய்யா கும்புட்டுக்கினு இருக்க?" என்று கத்தினாள்.

"ஏன் செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. கோவம் இல்லன்னும் சொல்லமாட்டேன். ஆனா காரணமே இல்லாம செஞ்சாருன்னு நெனச்சேன்னு வையி, அப்புறம் ஒருநாள்கூட என்னால உசுரோட இருக்க முடியாது பொன்னி."

படம் ஆணிக்குத் திரும்பியது. விளக்கு ஏற்றுவது மட்டும் அன்று முதல் அவன் வேலையாயிற்று.

வருஷாவருஷம் தேர் அவர்கள் வாசலில் நிற்கும். அவன் வெளியே உட்கார்ந்து கை கூப்புவான். அவள் உள்ளே தறியை மிதிப்பாள். மேளத்தை மீறி அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஒரு தடவை அவள் எட்டிப் பார்த்தபோது, கூப்பிய கையோடு அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

ரேணுகாம்பாளை வாலாஜாபாத்தில் இரண்டாந்தாரமாகத்தான் கொடுக்க முடிந்தது. எழுபத்தேழாம் வருஷம் காய்ச்சல் கண்டு கலியன் போய்ச் சேர்ந்தான். பாடையைத் தூக்கும்போது பொன்னியம்மாள் குனிந்து அவன் காதோரம் சொன்னாள்: "நேர்ல போற இல்ல? இன்னா காரணம்னு வுடாம கேளு."

கோயில் வழியே பிணம் போகக் கூடாது. பின்சந்து வழியாக எடுத்துப் போனார்கள்.