மைனியின் ‘நாங்க’

துபாய் அல் குசைஸில் நான் குடியிருக்கும் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. முட்டை வடிவம், அதில் அமெரிக்கக் கொடி, ஓட்டுப் போட்டுவிட்டேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது, ஓரத்தில் மஞ்சள் கறை வேறு. அது என்னுடையது இல்லை, என் மைனியுடையது. பால் எடுக்கப் போனாலும் கண்ணில் படும், மீனை உள்ளே வைக்கப் போனாலும் கண்ணில் படும். பட்டதும் வயிறு எரியும். “அதைச் சுரண்டிப் போட்டுத் தொலையேன்” என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். சுரண்டினால் அவளிடம் நான் தோற்றதாகிவிடும் என்று அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

மைனி என் மாமா மகள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவள். நாகர்கோவில் பக்கத்துக் கடலோரம் எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில், நர்சிங் முடித்த கையோடு அமெரிக்காவுக்குப் போனாள். அந்த நாடு அதற்குச் சில வருஷம் முன்புவரை நம் நிறத்து ஆட்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது என்பதும், அறுபதுகளில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டுச் சட்டங்களை மாற்ற வைத்தார்கள் என்பதும், அந்தக் காற்றிலேயே வெளிநாட்டாருக்கான சட்டமும் மாறி டாக்டர்களையும் நர்சுகளையும் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மைனி ஏரோப்ளேனில் போகிறாள், நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன் என்பது மட்டும்தான்.

முதல் லீவுக்கு அவள் வந்தபோது வீடு கொள்ளாத கூட்டம். எங்கள் அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்து, அம்மா வைத்த மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “நாங்க எங்க பிரசிடெண்டையே வீட்டுக்கு அனுப்பிட்டோம், கேட்டியளா.” அந்த ஊர் ஜனாதிபதி பொய் சொல்லி மாட்டிக்கொண்டு பதவியை விட்டுப் போயிருந்த சமயம். அவள் போன பிறகு அம்மா, “போயி ரெண்டு வருசம் ஆகல. இவளா அனுப்புனா? இவ என்ன ஓட்டா போட்டா?” என்று முகத்தைச் சுளித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த ‘நாங்க’ என் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. நாம என்று சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அதில் இடம் இருந்திருக்கும். அவள் நாங்க என்றாள். ஒரே சொல்லில் எங்களையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாளே என்று இருந்தது.

அவளைப் பார்த்துத்தான் நானும் நர்சிங் படித்தேன், அதை மறைப்பானேன். அமெரிக்கப் பரீட்சை எழுதலாம் என்று இருக்கும்போது கல்யாணம் முந்திக்கொண்டது. மாப்பிள்ளைக்குத் துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலையில் டெக்னீஷியன் வேலை. நான் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இருமிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஊசி போட்டுப் போட்டு என் இளமை போயிற்று. பிறகு துபாய், அல் குசைஸ். குறை சொல்லக் கூடாது, சோறு போட்ட இடம். பிள்ளைகளைப் படிக்க வைத்தது, ஊரில் வீடு கட்ட வைத்தது. ஆனால் இத்தனை காலத்தில் இந்த இடத்தைப் பற்றி நாங்க, எங்க என்று ஒரே ஒருதரம்தான் என் வாயில் வந்திருக்கிறது. ‘ரோடு போடுறாங்க’, ‘சட்டத்தை மாத்திட்டாங்க’, ‘விசா குடுக்கிறாங்க’. எல்லாம் அவங்கதான். ஊர்ப்பக்கம் போனால் அங்கே ரேஷன் அட்டையிலிருந்து ஓட்டர் லிஸ்ட் வரை எதிலும் என் பெயர் இல்லை. பெயர் சேர்க்கவோ தேர்தலுக்கோ ஒருபோதும் லீவு கிடைத்ததில்லை. விரலில் மை படாமலே கிழவியாகிவிட்டேன்.

மைனி அமெரிக்கக் குடிமகள் ஆகி வெகுகாலம் கழித்து, ஊருக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்கினாள். அவளுக்கு முன்னால் நான் குறைந்துபோகக் கூடாது என்று டாக்சி பிடித்துக் கோபுரம் கோபுரமாகக் காட்டினேன். “எங்க துபாய்ல எல்லாமே இப்பிடித்தான் மைனி” என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. அவள் அண்ணாந்து பார்த்தபடியே, வெகுளியாகத்தான், “இங்க உனக்கு ஓட்டு உண்டா பிள்ளே?” என்று கேட்டாள். இங்கே எல்லாரும் செய்வதுபோல் இரண்டு கையையும் விரித்து, “மாஃபி” என்றேன். “ஊருல?” “அங்கயும் இல்ல.” அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவள் பீற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்தத் தட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தன் முதல் வேலையைப் பற்றிச் சொன்னாள். தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய ஆஸ்பத்திரி. வராந்தாவில் தண்ணீர் குடிக்க இரண்டு குழாய்கள். ஒரு காலத்தில் ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, மற்றது கறுப்பர்களுக்கு. பலகைகளைக் கழற்றிவிட்டார்கள், ஆணி ஓட்டை மட்டும் சுவரில் மிச்சம். எதில் குடித்தால் யார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, இவள் டியூட்டி முழுக்கத் தாகத்தோடு நிற்பாளாம். அதைக் கவனித்த ஒரு கறுப்பின நர்ஸ் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டாளாம். “ஊர்வலம் ஊர்வலமா நடந்து வாங்கின தண்ணி இது, குடி” என்றாளாம்.

“அவ இங்கிலீஷ்ல ‘வீ’ன்னுதான் சொன்னா பிள்ளே, ‘வீ வாக்ட்’னு. அதுல நானும் சேத்தியா, இல்ல அவங்க மட்டுமா? அந்தப் பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். எங்க கண்டுபிடிக்க? அவகிட்டக் கேக்கவும் தைரியம் வரல. ஊருக்கு வரும்போது நானா நாங்க நாங்கன்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன். சொல்லச் சொல்லப் பழகிட்டு.”

அவளுக்காக எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமை இரட்டிப்பானதுதான் மிச்சம். சந்தேகப்படுவதற்காவது அவளுக்கு ஒரு ‘வீ’ கிடைத்ததே. எனக்கு இங்கே சிஸ்டர் என்றார்கள், மேடம் என்றார்கள், யல்லா ஜல்தி என்று விரட்டினார்கள். கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய் நாம என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை. புறப்படுகிற அன்று, கைப்பையில் ஒட்டியிருந்த, ஓட்டுப் போட்டவர்களுக்கு அங்கே கொடுக்கிற அந்த ஸ்டிக்கரை உரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். “என் ஞாபகமா இருக்கட்டு” என்றாள். ஞாபகத்துக்கு வேறு ஒன்றுமா கிடைக்கவில்லை இவளுக்கு என்று அவள் முதுகுக்குப் பின்னால் பல்லைக் கடித்தேன்.

இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது. விசா கேன்சல், கலாஸ், ஊருக்குப் போக வேண்டியதுதான். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மைனி மகள் ஃபோன் பண்ணினாள். மைனி படுக்கையில் விழுந்ததும் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரியும். போய்ப் பார்க்க எனக்கு விசாவும் இல்லை, அதற்கு நேரமும் இல்லை. அந்தப் பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அழுதுகொண்டே சொன்னாள்: “அத்தை, நாம அம்மாவை அடக்கம் பண்ணிட்டோம்.”

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது பொறாமைதான். ஆறடி மண்ணையும் அங்கேயே வாங்கிவிட்டாளே. நான் இங்கே கண்ணை மூடியிருந்தால் பெட்டியில் வைத்து ஆணி அடித்து விமானத்தில் சரக்கோடு சரக்காக அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. நாம.

தப்பாகச் சொல்கிறாள். நாங்க என்றல்லவா சொல்ல வேண்டும்? அவளுக்கு இரண்டும் ஒன்றுதான், எல்லாமே ‘வீ’தான். “சர்ச்சுல நெறைய பேர் அத்தை. நாம எல்லாரும் பாடினோம். நாம மண்ணு போட்டோம்” என்று அடுக்கிக்கொண்டே போனாள். சின்ன வயசில் லீவுக்கு ஊருக்கு வந்து அவள் இப்படிப் பேசும்போது நான்தான் உடனுக்குடன் திருத்துவேன். இந்தத் தடவை திருத்தவில்லை. கடல் தாண்டி ஒரு கல்லறைப் பக்கம் நானும் நின்று மண் போட்டதுபோல், “ஆமா மக்களே, போட்டோம்” என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஃபிரிட்ஜை எடுத்துப்போகக் கீழ்வீட்டுக்காரர்கள் நாளை வருகிறார்கள். சூடு தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, கிழியாமல் அந்த ஸ்டிக்கரை எடுத்து என் கைப்பையில் ஒட்டிக்கொண்டேன். மைனி கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்த சொல், எனக்குச் சந்தேகமில்லாமல் கிடைத்துவிட்டது, அதுவும் அவள் மகள் வாயிலிருந்தே. தெரிந்திருந்தால் மைனிக்கு வயிறு எரிந்திருக்கும்.